அறுபது சாம்பிள்

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் 'தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமங்களில்' வசிக்கிறோம். தேர்தல் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். நர்ஸிங் கல்லூரி பஸ் திரும்புவதற்கு இடம் இருந்தது. ஊர் மெயின்ரோட்டை ஒட்டி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஹாஸ்டலுக்குப் போய்விடலாம். இந்த மூன்று யோக்கியதையும் உள்ள ஊர் மனநல ஆராய்ச்சிக்கு உகந்த ஊர். பஸ் ஏறாத மேட்டில், பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காணிக்காரர் குடியிருப்புகளில் யாருக்கும் மனம் என்று ஒன்று கிடையாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பற்றிய ஆய்வேடுகளின் தலைப்பைப் படிப்பதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கன்னியாகுமரி மாவட்டத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமங்களில் உள்ள முதியோரிடையே மனச்சோர்வு பற்றிய அறிவின் மீது கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் விளைவை மதிப்பிடும் ஆய்வு.' முதியோரை எடுத்துவிட்டு இளம் தாய்மாரைப் போட்டால் அடுத்த பேட்ச் மாணவிக்கு ஒரு தலைப்பு தயார். மனச்சோர்வை எடுத்துவிட்டு மதுப்பழக்கத்தைப் போட்டால் அதற்கடுத்த பேட்சும் கரையேறிவிடும். நோய் மாறும், ஆள் மாறும், 'தேர்ந்தெடுக்கப்பட்ட' மட்டும் மாறாது.

ஆட்கள் அறுபது. பெரும்பாலும் அறுபதுதான். அறுபது பேரில் முப்பது பேருக்கு ஃப்ளாஷ் கார்டு காட்டி மனச்சோர்வு என்றால் என்னவென்று வகுப்பெடுப்பார்கள். மீதி முப்பது பேருக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் கட்டுப்பாட்டுக் குழுவாம். அடுத்த வீட்டு அம்மாவுக்கு அறிவு வளரும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வளராமல் இருப்பதே இவர்களுக்கு விஞ்ஞானம் ஒதுக்கிய பணி. வகுப்புக்கு முன் பிரீ-டெஸ்ட், ஏழாம் நாள் போஸ்ட்-டெஸ்ட். செத்த வீட்டுக்காவது பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நாலு ஆள் வருவார்கள். ஆராய்ச்சி நடந்த வீட்டுக்கு ஏழாம் நாளோடு சரி.

முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அறிவு கணிசமாக உயர்ந்தது, பி மதிப்பு 0.05-க்குக் கீழே. எங்கள் அறிவு உயராமல் போன ஆய்வு ஒன்றைக்கூட நாங்கள் கண்டதில்லை. இத்தனை ஆண்டுகள் உயர்ந்துகொண்டே வந்த அறிவைக் கூட்டிப் பார்த்தால், எங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் இந்நேரம் மனநல மருத்துவர்களாக இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. எங்களுக்குக் குறை அறிவில்லை ஐயா. மனச்சோர்வு என்றால் என்னவென்று எங்களுக்கு ஃப்ளாஷ் கார்டு வேண்டாம். வீட்டிலேயே இருக்கிறது.

கடற்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, எந்த ஊர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தமிழகம், கேரளம் இரண்டிலுமாக இருநூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கும். அரசு அந்தக் கணக்கைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் திண்ணையில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். கையில் வினாத்தாள். பிரிவு 'அ'. வயது, மதம், வருமானம், திருமண நிலை. மணமானவர், மணமாகாதவர், கைம்பெண், பிரிந்து வாழ்பவர். ஏதாவது ஒன்றில் டிக்.

"மாப்பிள கடல்ல போயிருக்கு" என்கிறாள் வீட்டுக்காரி.

"எப்ப வருவாரும்மா?"

பதில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணைக் காட்டுகிறாள். பிள்ளைக்குப் புரிகிறது. பேனா நகர்ந்து கைம்பெண் என்ற கட்டத்தில் நிற்கிறது. அரசாங்கம் இருபது லட்சம் கொடுத்தும் அந்த அம்மா வாயால் சொல்லாததை ஒரு டிக் சொல்லிவிட்டது.

பிரிவு 'ஆ'. உலகப் புகழ்பெற்ற ஒன்பது கேள்விகள். பி.எச்.க்யூ-9 என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் நிதியுதவியோடு உருவாக்கியது. நல்ல கருவிதான், குறை சொல்வதற்கில்லை. மருத்துவர் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு ஆளை அடையாளம் கண்டுவிடலாம். கேள்விகள் எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை.

"கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் மனசு சோர்ந்து இருந்தீங்க?"

"ரெண்டு வாரமா? ஒக்கி எந்த வருசம் வந்து மோளே?"

வினாத்தாளில் அதற்கு இடமில்லை. தூக்கம், பசி, அசதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒன்பதாவது கேள்விக்கு வருகிறார்கள். செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதா? வீட்டுக்காரி கடலைப் பார்க்கவில்லை, கண்ணீர் விடவில்லை. சினிமாவில்தான் அதெல்லாம். முறத்தில் இருந்த நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே, "பாதி நாளும் தோணும் மோளே" என்கிறாள். பாதி நாளுக்கு மேல் என்றால் மதிப்பெண் இரண்டு. பிள்ளை 2 என்று எழுதுகிறாள். நன்றி சொல்கிறாள். ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.

அந்த 2 எங்கே போயிற்று? நாம் அதன் பின்னாலேயே போவோம்.

முதலில் எக்செல் ஷீட்டுக்குப் போயிற்று. அங்கே மற்ற ஐம்பத்தொன்பது பேரின் மதிப்பெண்ணோடு கலந்து சராசரி ஆயிற்று. பிறகு புள்ளியியல்காரரிடம் போயிற்று. அவருக்குத் தனி ஃபீஸ். அங்கிருந்து நாகர்கோவில் டி.டி.பி. சென்டருக்கு, அங்கிருந்து பைண்டிங் கடைக்கு. கருப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, நாலு காப்பி. பிறகு வைவா. வெளியூர் எக்ஸாமினர் ஏசி அறையில் அமர்ந்து கண்ணாடியை இறக்கிக் கேட்டார், சாம்பிள் சைஸ் எப்படிக் கணக்கிட்டாய்? பேர்டு டி டெஸ்ட் ஏன் போட்டாய்? பக்க எண் 43-ல் கமா விட்டுப்போயிருக்கிறதே? ஒன்பதாவது கேள்விக்கு ஆமாம் என்றவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. அது சிலபஸில் இல்லை.

வீட்டுக்கு வருகிற மற்றவர்களைப் பாருங்கள். காய்ச்சல் கணக்கெடுக்க வருகிற நர்ஸம்மா பையில் பாரசிட்டமால் இருக்கும். கொசுப்புழு பார்க்க வருகிறவர் கையில் அபேட் மருந்து இருக்கும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. மனசைக் கணக்கெடுக்க வருகிறவர் கையில் மட்டும்தான் பிஸ்கட். 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்று ஒரு இலவச உதவி எண் இருக்கிறது, 14416. ஐந்து இலக்கம். அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க எந்த எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும்?

அனுமதி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாணவர்களுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்கிற விதத்தையும் பார்த்துவிடுவோம். பயிலரங்கு. குத்துவிளக்கு. முதல்வர் உரை, தாளாளர் உரை, தாளாளரின் மருமகன் உரை. சணல் பை, அதில் ஒரு பேனா, ஒரு நோட்டுப்புத்தகம். சாம்பிள் சைஸ் ஃபார்முலா, கருதுகோள், இலக்கிய மீளாய்வு. ஒரு மணிக்கு சிக்கன் பிரியாணி. மாலையில் சான்றிதழும் குரூப் போட்டோவும். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் அழுதால் என்ன செய்வது என்று மட்டும் அங்கே ஒரு அமர்வு கிடையாது. அழுகை ஒரு 'வேரியபிள்'. அதற்கு பிரியாணியை நிறுத்த முடியுமா?

டாக்டர் படிப்பும் ஒன்றும் உசத்தியில்லை. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளின் ஒரு ஓரத்தில் கேள்வி வரும். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் மனநலப் பிரிவுக்கு இரண்டு வாரம். நீட் பி.ஜி.க்குப் படிக்க வசதியான வாரங்கள் என்று மாணவர்களிடையே நல்ல பெயர் அதற்கு. முதுநிலை மாணவர்கள் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு என்ற ஒன்றை ஆன்லைனில் பார்த்து பாஸாக வேண்டும். பார்க்கிறார்கள், பாஸாகிறார்கள், பெரும்பாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில்.

இப்போது எங்களைத் தத்தும் எடுத்துக்கொள்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் சில குடும்பங்கள். படிப்புக் காலத்தில் அந்தக் குடும்பங்களின் நலம் பார்க்க வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. நடைமுறையில், அறுபத்தெட்டு வயது பாட்டியைத் தத்தெடுத்த பத்தொன்பது வயதுத் தகப்பன் வருகிறான். பிரஷர் பார்க்கிறான். பாட்டியோடு ஒரு செல்ஃபி. லாக்புக்கில் ஒரு சீல். பாட்டிக்கு அவன் பெயர் தெரியாது. லாக்புக்கில் பாட்டி வெறும் வீட்டு எண்.

இதெல்லாம் யாருக்காக? கணக்கைப் பார்த்தால் ஒளிவுமறைவு இல்லை. மாணவிக்கு டிகிரி. வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கட்டுரை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்று விதி இருக்கிறது. கட்டுரையை ஏற்க, பணம் கட்டினால் கதவு திறக்கிற இதழ்கள் இருக்கின்றன. தூத்தூர்க் கரையின் துக்கம் இப்படித்தான் இணைப் பேராசிரியர் ஆகிறது. கல்லூரிக்கு அங்கீகாரக் குழு வரும்போது காட்ட ஓர் அலமாரி நிறைய தங்க எழுத்து. அக்டோபர் 10 உலக மனநல நாளன்று பேரணி. 'மனம் விட்டுப் பேசுவோம்' என்ற தட்டியைப் பிடித்துக்கொண்டு மாணவிகள் வெயிலில் நிற்பார்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அங்கே யாராவது மனம் விட்டுப் பேசிப் பார்க்கட்டும்.

இன்னும் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? 2015-16-ல் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. நூறு பெரியவர்களில் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலப் பிரச்சினையோடு இருக்கிறார்கள் என்றது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எழுதி வைத்திருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் வந்தது. நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும். எத்தனை பேருக்கு என்று தெரியும். மருந்து எதுவென்றும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். மாத்திரையும் ஆளும் எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேரும் என்பது. அதை யாரும் ஆய்வுத் தலைப்பாக எடுக்கிறதில்லை. அதில் பி மதிப்பு சரியாக வராது என்று பயமோ என்னவோ.

வினாத்தாளோடு வருகிற பிள்ளைகளைத் திட்ட எங்களுக்கு மனசில்லை. அந்தப் பிள்ளை யார்? அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள். அம்மா அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பு உடைக்கிறாள். வங்கிக் கல்விக்கடன் போதாமல் குழு லோனும் எடுத்தாயிற்று. அப்பாவுக்கு டாஸ்மாக். அம்மாவுக்கு இரவில் தூக்கம் கிடையாது. அந்த ஒன்பது கேள்விகளை அந்த அம்மாவிடம் கேட்டால் இருபத்தேழுக்குப் பதினெட்டு வாங்குவாள். ஆனால் சொந்த ஊரை எடுக்கக் கூடாது என்று கைடு சொல்லிவிட்டார். 'பயஸ்' வந்துவிடுமாம். ஆக, தன் தெருவில் யார் வீட்டில் யார் பேசாமல் இருக்கிறார்கள், யார் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த ஒரே சுகாதார மாணவியை, ஒன்றும் தெரியாத தெருவுக்கு பஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். தெரிந்தவள் தெரிந்த இடத்தில் வேலை செய்வது அறிவியலுக்கு விரோதம்.

அவளை யார் கணக்கெடுக்கிறார்கள்? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் விஷயத்தில் அதுவும் நடந்தது. மருத்துவ மாணவர்களின் மனநலத்தைப் பற்றித் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 16.2 சதவீதம் பேருக்கும், முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேருக்கும் தற்கொலை எண்ணம் இருந்தது. மூன்றில் ஒருவருக்கு அருகே! கிராமத்துக்கு வந்து ஒன்பதாவது கேள்வியைக் கேட்கிற டாக்டரிடம் நாங்களே அதைத் திருப்பிக் கேட்க வேண்டிய நிலை. இதற்குப் பல கல்லூரிகள் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம், மன அழுத்தம் பற்றி ஒரு சிறப்புரை. கட்டாய வருகை. வராதவர்களுக்கு அபராதம்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சோம்பேறி ஆராய்ச்சிதான் வேண்டாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். தற்கொலை பற்றி ஊராருக்கு எத்தனை மார்க் அறிவு என்று பார்க்கவில்லை. வீட்டுக்குள் கிடந்த பூச்சிமருந்தைப் பொதுவிடத்தில் பூட்டுப்பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆத்திரத்துக்கும் டப்பாவுக்கும் நடுவே கொஞ்சம் தூரம், ஒரு பூட்டு. அவ்வளவுதான். 2013-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. பெட்டி முதலில், கட்டுரை பிறகு.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்றொரு மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வர பஸ் காசில்லாமல் உயிரை விட்டாள். அவர் பஸ் காசு பற்றி அறுபது பேரிடம் கருத்துக் கேட்கவில்லை. 2006-ல் ஹராரேயில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலைய வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். பத்து ஆண்டு கழித்து, அது பலன் தருகிறது என்று முறைப்படி நிரூபித்து அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அங்கேயும் வினாத்தாள் உண்டு. வினாத்தாளுக்குப் பிறகு பாட்டி உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் நெய்யூருக்கே வாருங்கள். 1922-ல் எவரெஸ்டுக்குப் போன குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன், மலையிறங்கிய கையோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். நோயாளிக் கூட்டம் அவ்வளவு, டாக்டர் பஞ்சம் அவ்வளவு. அவர் பிரீ-டெஸ்ட் நடத்தவில்லை. இங்கிலாந்துக்குப் போய், கிடைக்கவிருந்த பெரிய வேலையை வேண்டாமென்றுவிட்டு நெய்யூருக்கே திரும்பி வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரைப் பற்றி அவருடைய 'பரிந்துரைகள்' அத்தியாயம் அதுதான்.

நீரோடியிலிருந்து நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு பஸ் மாறி மாறித்தான் வர வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மை. இழக்கிற ஒரு நாள் கூலிக்கு அப்படிச் சலுகை இல்லை. மீன் கூடையை இறக்கிவிட்டு, மனசு சரியில்லை என்று சொல்லிக்கொள்ள நாள் முழுவதும் செலவழிக்க எந்த அம்மாவால் முடியும்? அவளோடு பஸ்ஸில் கூட உட்கார்ந்து வர ஒரு மாணவி இருந்தால் முடியலாம். அதற்கு எத்தனை மார்க் என்று பல்கலைக்கழகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த ஆண்டும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எங்கள் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதாம். பஞ்சாயத்துத் தலைவர் வழக்கம்போல் ஒத்துழைப்பு நல்க வேண்டுமாம். நல்குவோம். இந்த முறை எங்களிடமும் ஓர் ஒப்புதல் படிவம் தயாராக இருக்கிறது.

அதில் கல்லூரி முதல்வரும் கைடும் கையெழுத்துப் போட வேண்டும். மாணவி போட வேண்டாம், அவளை நாங்கள் நம்புகிறோம். ஒன்பதாவது கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் ஒவ்வொருவரையும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுவோம், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வந்து பார்ப்போம், அந்த விவரம் இல்லாத ஆய்வேட்டை பைண்டிங்குக்கு அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் உறுதி தர வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவின் முப்பது பேரையும் ஆய்வு முடிந்ததும் நட்டாற்றில் விட மாட்டோம் என்றும் உறுதி தர வேண்டும். இதில் சேருவது அவர்கள் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினால் எங்கள் ஊரும் விலகிக்கொள்ளும். அவர்களுடைய அடையாளம் ரகசியமாக வைக்கப்பட மாட்டாது, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதிப் போடப்படும்.

நேரமில்லாத பேராசிரியர்கள் முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. எங்களுக்கும் யாரும் படித்துக் காட்டியதில்லை. புள்ளி வைத்த இடத்தில் கைநாட்டு வைத்தால் போதும். மை நாங்கள் தருகிறோம்.